சமையல் மாஸ்டருக்கு எச்.ஐ.வி. இருந்தால் அவர் ஆக்கியதைச் சாப்பிடலாமா?

கோட்டை_அடுப்பு · செவ்வாய், காலை 6.40

காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் வெகுகாலமாக இருக்கும் மாஸ்டர் ஒருவர். பலகாரத்தில் அவரை அடிக்க ஆளில்லை. கந்தரப்பம் சுட்டால் ஒன்றுகூட எண்ணெய் குடிக்காது. அண்மையில் ஒரு [நிகழ்ச்சி விவரம் நீக்கம் – நெறியாளர்] வேலையில் இருந்தபோது, கையாள் பையன் ஒருவன் அவர் பையில் இருந்த மாத்திரை டப்பாவைப் போனில் படம் எடுத்து, பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறான். எய்ட்ஸ் மாத்திரை என்று வந்ததாம். மறுநாளே இரண்டு மூன்று பேர், "அவர் நறுக்கினால் நாங்கள் வேலைக்கு வரமாட்டோம்" என்கிறார்கள். முறுக்குச் சுற்ற வரும் அம்மாக்கள் காதுக்கும் போய்விட்டது. மாஸ்டருக்கு மட்டும் இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.

வைகாசியில் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது. அருவாமனையில் அவர் கை வெட்டுப்பட்டு ரத்தம் காயில் பட்டால் என்ன ஆகும்? ஒரே குவளையில் எல்லோரும் தண்ணீர் குடிக்கிறோம், அது? அவரைக் கொஞ்ச நாள் நிற்கச் சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.

பழைய_சிஸ்டர் · செவ்வாய், காலை 7.25

தம்பி, சாப்பிடலாம். இன்றைக்கும் சாப்பிடலாம், வைகாசியிலும் சாப்பிடலாம். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஊசி போட்டிருக்கிறேன், புண்ணுக்குக் கட்டுக் கட்டியிருக்கிறேன், அவர்கள் வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன்.

இந்தக் கிருமி மனித உடம்புக்கு வெளியே பிழைக்கத் தெரியாதது. காற்றுப் பட்டு ரத்தம் காய ஆரம்பித்தாலே அதன் வீரியம் போய்விடும். 56 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தாலே செயலிழந்துவிடும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கோட்டை அடுப்பில் கொதிக்கும் சாம்பார் 100 டிகிரி, பலகார எண்ணெய் அதற்கும் மேலே. அதையும் தாண்டி ஏதாவது வயிற்றுக்குள் போனால் அங்கே அமிலம் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர் ஆக்கிப் போட்ட சாப்பாட்டால் ஒருவருக்குத் தொற்றியதாக மருத்துவத்தில் பதிவே இல்லை. குவளை, தட்டு, ஒரே பாய், ஒரே கழிப்பறை, தும்மல், கைகுலுக்கல், கட்டிப்பிடித்தல் எதிலும் வராது.

ரத்தம் பட்ட காயைக் கொட்டிவிடுங்கள். ஆனால் யார் ரத்தம் பட்டாலும் கொட்ட வேண்டும், சமையல்கட்டு ஒழுங்கே அதுதான். வெட்டுப்பட்டவர் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டுப் போட்டு, மேலே கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் ஆட்களில் எத்தனை பேர் மஞ்சள் காமாலை பி-க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள்? எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி ஒரு செவிலியர் கையில் குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று அளவுதான். தடுப்பூசி போடாதவருக்கு அதே ஊசியில் காமாலை பி கிருமி இருந்தால் நூற்றுக்கு முப்பது வரைகூடப் போகும். அதைப் பற்றி எந்தச் சமையல்கட்டிலும் ஒருவரும் பயந்து நான் பார்த்ததில்லை.

ஆயாவீடு · செவ்வாய், காலை 8.02

சிஸ்டர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டு விசேஷமும் அண்மையில்தான் முடிந்தது. எந்த காண்ட்ராக்டர், எந்த மாஸ்டர் என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு நிம்மதி. பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டிருக்கிறார்கள். [ஊகித்து எழுதிய இரண்டு பெயர்கள் நீக்கம் – நெறியாளர்]

நெறியாளர் · செவ்வாய், காலை 8.10

ஆயாவீடு, பெயர் எழுதினால் இழையைப் பூட்டுவேன். மற்றவர்களுக்கும் இதுதான். மாஸ்டர் யார் என்று ஊகிக்க வழி தரும் எதையும் எழுதாதீர்கள்.

வக்கீல்_குமாஸ்தா · செவ்வாய், காலை 9.30

இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலை தர மறுப்பது, வேலையை விட்டு நீக்குவது, வாடகை வீட்டிலிருந்து கிளப்புவது, பள்ளியில் சேர்க்க மறுப்பது எல்லாம் அதில் தடை. சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. அவர்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆகவே கோட்டை_அடுப்பு, "கொஞ்ச நாள் நில்லுங்கள்" என்பதும் நீக்குவதுதான். அடுத்தவர் பையைத் திறந்து படம் எடுத்த பையனிடம் அந்தப் படத்தை அழிக்கச் சொல்லுங்கள். வாட்சாப்பில் எங்கெல்லாம் அனுப்பினான் என்றும் கேளுங்கள்.

மண்டபத்துக்காரர் · செவ்வாய், காலை 10.15

சின்னச் சந்தேகம், சிரிக்காதீர்கள். கொசு? எங்கள் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் கண்மாய். மாலை ஆனால் கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகும். மாஸ்டரைக் கடித்த கொசு அடுத்து என்னைக் கடித்தால்?

முடிவெட்டும் கடைக் கத்தி, கோவில் திருவிழாவில் பச்சை குத்துகிறவர்கள் ஊசி, இதையும் யாராவது சொல்லுங்கள். 2003 வாக்கில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று தமிழ்நாடு முழுக்க விளம்பரம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புள்ளிராஜா யார் என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. விளம்பரம் ஞாபகம் இருக்கிறது, அது சொன்னது பாதி மறந்துவிட்டது.

லேப்_தம்பி · செவ்வாய், பகல் 1.20

கொசுவால் வராது அண்ணே. கொசு கடிக்கும்போது நமக்குள் விடுவது அதன் எச்சிலை, முன்னால் குடித்த ரத்தத்தை அல்ல. மலேரியா கிருமி கொசுவுக்குள் வளர்ந்து எச்சிலுக்கு வருகிறது. எச்.ஐ.வி. அதற்குள் பெருகவே முடியாமல் குடித்த ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகும். கொசுவால் வருமென்றால் குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

வழிகள் இவ்வளவுதான்: ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால். இவற்றில் ஒன்று இன்னொருவர் ரத்தத்துக்கோ உள்ளுறுப்புகளின் மென்தோலுக்கோ போய்ச் சேர வேண்டும். ஆக, ஆணுறை இல்லாத உடலுறவு, ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்வது, பரிசோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு. நம் நாட்டில் பெரும்பாலான தொற்று உடலுறவால்தான். ஆசனவாய் வழி உடலுறவில் ஆபத்து மற்றதைவிடப் பல மடங்கு அதிகம். பிறப்புறுப்பில் புண், சீழ், வெள்ளை மாதிரி பால்வினை நோய் ஏதாவது இருந்தால் கிருமி நுழைவது இன்னும் எளிது. அதனால் அதற்கும் வைத்தியம் பார்த்தாக வேண்டும்.

முடிவெட்டும் கடையில் ஆளுக்குப் புது பிளேடு கேளுங்கள். ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துகிறவரிடம் கையை நீட்டாதீர்கள். காதுகுத்துக்கும் அதேதான். இதிலெல்லாம் எச்.ஐ.வி.யைவிடக் காமாலை பி, சி பயம்தான் எனக்கு.

ரத்தம் பற்றி: தானம் தரும் ஒவ்வொரு பாட்டிலையும் எச்.ஐ.வி.க்குச் சோதிப்பது 1989 முதல் கட்டாயம். ஆனாலும் 2018-இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாடே அறிந்தது. ஏற்றப்பட்டால் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். அதனால் தானம் தரும்போது தரப்படும் கேள்வித் தாளில் பொய் எழுதாதீர்கள். ஆபத்தான தொடர்பு இருந்தால் அந்த முறை தராமல் வந்துவிடுங்கள்.

செக்காலை_பையன் · செவ்வாய், பகல் 2.05

ஒரு நண்பனுக்காகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு வெளியூரில் ஒருவருடன் இருந்தான். ஆணுறை நடுவில் கிழிந்துவிட்டது. அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. இப்போது போய்ப் பரிசோதனை செய்தால் தெரியுமா? இல்லை மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா?

லேப்_தம்பி · செவ்வாய், பகல் 2.11

நண்பனைப் பரிசோதனைக்குக் காத்திருக்க விடாதே, மருந்துக்கு அனுப்பு. இன்றே. இப்போதே.

ஆபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கினால் தொற்று வேரூன்றாமல் தடுக்க முடியும். 28 நாள், ஒரு வேளையும் விடாமல் சாப்பிட வேண்டும். 72 மணி வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. முதல் சில மணி நேரத்தில் தொடங்கினால்தான் முழுப் பலன். ஞாயிறு இரவு என்றால் புதன் இரவோடு கதவு சாத்திவிடும். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லச் சொல். அங்கே இழுத்தடித்தால் தனியார் மருத்துவரும் எழுதித் தரலாம். 1097-க்கு அழைத்தால் எங்கே போவது என்று சொல்வார்கள், கட்டணமில்லை.

பழைய_சிஸ்டர் · செவ்வாய், பகல் 2.30

தம்பி, நண்பனோ நீயோ, யாராக இருந்தாலும் போ. மருத்துவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். மருந்து தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுப்பார்கள், சிறுநீரகம், காமாலை எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். மருந்து முடிந்து, கடைசிப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை ஆணுறை இல்லாமல் யாரோடும் சேரக் கூடாது, ரத்த தானமும் கூடாது.

ஆணுறை ஏன் கிழிகிறது தெரியுமா? பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து வெந்துபோனதை எடுப்பார்கள். காலாவதித் தேதி பார்க்கமாட்டார்கள். நுனியில் காற்றைப் பிழிந்து விடாமல் மாட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் சில நிமிடத்தில் இளகிவிடும். நல்லெண்ணெய், வாசலின், ஏன், முகத்துக்குப் போடும் கிரீமும் ஆகாது. நீர் கலந்த வழவழப்புத் திரவம் மருந்துக் கடையில் தனியாக விற்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. உரசி இரண்டும் கிழியும்.

மூலிகைத்_தோட்டம் · செவ்வாய், மாலை 5.40

இவ்வளவு ஆங்கில மருந்து எதற்கு? ஒரு மண்டலம் லேகியத்தில் எச்.ஐ.வி.யை நெகட்டிவ் ஆக்கிய வைத்தியர் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறார். வேண்டுமானால் எண் தருகிறேன்.

நெறியாளர் · செவ்வாய், மாலை 5.44

எண் வேண்டாம். இன்னொரு முறை எழுதினால் கணக்கு முடக்கப்படும்.

பழைய_சிஸ்டர் · செவ்வாய், மாலை 6.15

லேகியத்தை நம்பி மாத்திரையை நிறுத்தி, காசநோயோடு எலும்பும் தோலுமாக வார்டுக்கு வந்தவர்களைப் பார்த்தவள் என்பதால் கோபமாகவே எழுதுகிறேன். எச்.ஐ.வி.யை உடம்பிலிருந்து முழுக்க விரட்டும் மருந்து எந்த முறையிலும் இன்றுவரை இல்லை. உலகத்திலேயே ஒரு சிலர்தான் முழுக்கக் குணமானவர்கள். அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்தார்கள், உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது.

இந்தக் கிருமி செய்வது என்னவென்றால், பெட்டகச் சாவி வைத்திருக்கும் கணக்குப்பிள்ளையையே தன் ஆளாக்கிக்கொள்வது. நோயை எதிர்க்கும் படைக்குக் கட்டளை போடும் சிடி4 என்ற வெள்ளை அணுவுக்குள் புகுந்து, அதை வைத்தே தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும். அணு சாகும், கிருமி பெருகும். பல ஆண்டுகள் வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் தேர் இழுப்பார், கபடி ஆடுவார். சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனாலோ, காசநோய், மூளைக்காய்ச்சல், ஒருவகை நிமோனியா என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தாலோதான் எய்ட்ஸ் என்கிறோம். எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இல்லை. மாத்திரை போடுகிறவர் அந்தக் கட்டத்தையே பார்க்காமல் வாழ்நாளை முடிக்கலாம்.

பெயர்_வேண்டாம் · செவ்வாய், இரவு 9.50

இங்கே வெகுநாளாக எழுதுகிறவன்தான். இன்றைக்காகத் தனிக் கணக்குத் தொடங்கினேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

2012-இல் வளைகுடா வேலைக்காக மெடிக்கல் போனபோது தெரிந்தது. வேலையும் போயிற்று, அந்த நேரத்தில் உலகமே போனது மாதிரி இருந்தது. அப்போது சிடி4 350-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து தொடங்குவார்கள். காத்திருந்து தொடங்கினேன். முதலில் தந்த மாத்திரையில் எஃபவிரென்ஸ் இருந்தது. இரவில் தலை சுற்றும், வினோதமான கனவு வரும். 2017 முதல் யாருக்குத் தெரிந்தாலும் உடனே மருந்து என்று விதியை மாற்றினார்கள். இப்போது டொலுடெகிராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் அதற்குள்ளேயே. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, வேலை முடிந்தது. எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். 2004-இல் இந்த இலவசத் திட்டம் தொடங்கியபோது முதலில் வந்த இடங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அதற்கு முன்னால் காசுள்ளவனுக்குத்தான் உயிர்.

என் ரத்தத்தில் கிருமி இப்போது அளவிட முடியாத நிலையில் இருக்கிறது. ஒரு மில்லி ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை 200-க்கும் கீழே தொடர்ந்து இருந்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. பெரிய பெரிய ஆய்வுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளைப் பார்த்து உறுதி செய்தது இது. என் மனைவிக்குத் தொற்று இல்லை. எல்லாம் சொல்லித்தான் கட்டிக்கொண்டேன். மருத்துவரிடம் கேட்டு, கிருமி அடங்கியிருந்த காலத்தில் குழந்தை பெற்றோம். மகளுக்கும் இல்லை. தாய்க்கே தொற்று இருந்தாலும் கர்ப்பத்திலேயே மருந்து எடுத்து, குழந்தைக்கு சிரப் கொடுத்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே கொண்டுவரலாம் என்றார்கள். ஒன்றுமே செய்யாவிட்டால் அது 15 முதல் 45 வரை.

கோட்டை_அடுப்பு அண்ணே, உங்கள் மாஸ்டர் பையில் மாத்திரை டப்பா இருந்தது என்றால் அவர் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார் என்று அர்த்தம். உங்கள் சமையல்கட்டில் தன் நிலை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் யாராவது ஒருமுறையாவது பரிசோதனை செய்திருக்கிறார்களா?

ஆயாவீடு · செவ்வாய், இரவு 10.20

தம்பி, காலையில் எழுதியதை எடுத்துவிடச் சொல்லி நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். உங்கள் மகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒன்று, பயம் என்பது காரணம் கேட்டு வருவதில்லை. என் வயதில் உள்ளவர்களுக்கு எய்ட்ஸ் என்றாலே சாவு என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

லேப்_தம்பி · புதன், காலை 7.05

ஆச்சி சொல்வதும் நியாயம். இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு மருந்தே கிடையாது. சுவரில் மண்டை ஓடு வரைந்து பயமுறுத்துவதைத் தவிர அரசுக்கும் வேறு வழி தோன்றவில்லை போல. அந்த மண்டை ஓடு இன்னும் நம் தலைக்குள் இருக்கிறது.

பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தார்கள். தொற்றிய மறுநாளே எந்தச் சோதனையிலும் தெரியாது. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனைக்கு 23 முதல் 90 நாள். ஆய்வகத்தில் கிருமித் துணுக்கையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 18 முதல் 45 நாள். இடையில் இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், தொண்டைவலி, தடிப்பு வரலாம், வராமலும் போகலாம். அறிகுறியை வைத்து எச்.ஐ.வி. சொல்லவே முடியாது. அந்த இடைவெளியில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகம், அடுத்தவருக்குக் கொடுப்பதும் அப்போதுதான் எளிது.

செக்காலை_பையன் · புதன், காலை 11.30

போய்விட்டு வந்தேன். நண்பன் இல்லை, நான்தான். நேற்று இரவே முதல் மாத்திரை போட்டாயிற்று. லேசாகக் குமட்டுகிறது, அவ்வளவுதான். வெளிநாட்டில் ஆபத்து வருவதற்கு முன்பே தினம் போடும் மாத்திரை இருக்கிறதாமே, அது இங்கே கிடைக்குமா?

லேப்_தம்பி · புதன், பகல் 12.15

நல்லது. 28 நாளையும் முடி. நீ கேட்பது டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் சேர்ந்த மாத்திரை. ஒழுங்காகப் போட்டால் உடலுறவு வழித் தொற்றை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவுக்குத் தடுக்கும். இங்கேயும் மருத்துவர் சீட்டோடு கிடைக்கும். முதலில் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், சிறுநீரகம் பார்க்க வேண்டும். அடிக்கடி ஆபத்து வருகிற வாழ்க்கை என்றால் வெட்கப்படாமல் கேள். மற்ற பால்வினை நோய்களை அது தடுக்காது, ஆணுறை வேண்டும்தான்.

கோட்டை_அடுப்பு · புதன், இரவு 8.45

எல்லாவற்றையும் படித்தேன். இன்று காலை ஆட்களைக் கூப்பிட்டு, சிஸ்டர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், மாஸ்டர் பெயர் சொல்லாமல் "பொதுவாக" என்று. ஒருவன் மட்டும் கணக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டான். போகட்டும், வெங்காயம் நறுக்க ஆள் கிடைக்கும், அந்தக் கந்தரப்பத்துக்குக் கிடைக்காது. படம் எடுத்த பையன் அழித்துவிட்டான், அனுப்பிய இரண்டு இடத்திலும் அழிக்கச் சொல்லியிருக்கிறேன். மாஸ்டரிடம் எனக்குத் தெரியும் என்று சொல்வதா வேண்டாமா என்றுதான் புரியவில்லை.

பெயர்_வேண்டாம் · புதன், இரவு 9.10

படம் வெளியே போய்விட்டதால் அவர் காதுக்கு எப்படியும் வரும். அடுத்தவர் வாயால் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது மேல். தனியாகக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, வேலைக்கு ஒன்றும் ஆகாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

முறுக்கு_ஆத்தா · புதன், இரவு 9.55

பெண்கள் போய்ச் சோதித்துக்கொள்ள எங்கே போக வேண்டும்? வீட்டுக்காரர் பல வருஷம் வெளியூர் லாரியில். பேர் விலாசம் எல்லாம் கேட்பார்களா? சீட்டு வீட்டுக்கு வருமா?

லேப்_தம்பி · புதன், இரவு 10.20

அரசு மருத்துவமனையில் "நம்பிக்கை மையம்" என்று பலகை இருக்கும் அக்கா. பணம் கிடையாது. முதலில் ஆலோசகர் தனி அறையில் பேசுவார், உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். விவரம் கேட்பார்கள், ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. முடிவை உங்களிடம் நேரில்தான் தருவார்கள், பெரும்பாலும் அன்றைக்கே. வீட்டுக்குக் கடிதம் வராது. முதல் சோதனையில் தொற்று என்று வந்தால், அதை வைத்து முடிவு சொல்லாமல் வேறு வேறு கிட்டில் மொத்தம் மூன்று முறை பார்ப்பார்கள். துணைக்கு யாரையாவது கூட்டிப் போகலாம், தனியாகவும் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும்.